முதல் பெட்டி முதலில் நிறையும்

ஜூலை 4

சற்குணபாண்டியன் சார் இன்று என் மென்பொருளுக்குப் பலகாரம் என்று பெயர் வைத்தார். ஸ்டாஃப் ரூமில் துறையில் பாதிப்பேர் இருக்கும்போது. "பசங்களுக்குச் சோறு போடுங்கன்னா, திலகேஸ்வரி மேடம் பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்காக." எல்லாரும் சிரித்தார்கள். என் சிநேகிதி பரிமளா மட்டும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். இருந்திருந்தால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள், பிறகு என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "விடுடி" என்றிருப்பாள்.

சற்குணபாண்டியன் எங்கள் இயந்திரவியல் துறைக்குத் தலைவர். கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். கரும்பலகை நிறைய எழுதுவார், பையன்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள், மணி அடிக்கும், அழிப்பார். இதற்குப் பெயர் சோறு.

நான் செய்திருப்பது இதுதான். ஓ.ஆர். என்கிற ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் பெட்டி அடுக்கும் கணக்கு என்று ஒன்று உண்டு. வெவ்வேறு எடையில் பொட்டலங்கள் வரும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. எத்தனை குறைவான பெட்டியில் எல்லாவற்றையும் அடைக்கலாம்? கேட்க எளிது, ஆனால் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிக்கச் சுருக்கு வழி யாருக்கும் தெரியாது. அதனால் விதிகள் வைத்திருக்கிறோம். வருகிற பொட்டலத்தை இடம் இருக்கிற முதல் பெட்டியில் போடு என்பது ஒரு விதி. போட்டால் எதில் மிச்சம் குறைவாக இருக்குமோ அதில் போடு என்பது இன்னொன்று. பெரியதை முதலில் எடு என்பது மற்றொன்று. புத்தகத்தில் இது ஒன்றரைப் பக்கம். என் மென்பொருளில் மாணவர்கள் பொட்டலங்களைத் தாங்களே இழுத்துப் பெட்டியில் போடலாம். பிறகு ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து "அடுத்த அடி" என்ற பொத்தானை அழுத்தினால் அது ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும், ஏன் இங்கே போட்டது என்று பக்கத்திலேயே சொல்லும். வீணாகும் இடம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு பரிமளாவின் யோசனை. "நிரப்பு" என்று பெயர் வைத்திருக்கிறேன். பலகாரமாம்.

ஜூலை 6

சிலிண்டர் இன்றும் வரவில்லை. இண்டக்ஷன் அடுப்பில் இட்லி. வீட்டுக்காரர் அழகருக்கு வங்கியில் ஆடிட், கோவில்பட்டியிலிருந்து வர நேரமாகும் என்றார். வலது கடைவாய்ப் பல் கொஞ்சம் கூசுகிறது.

ஜூலை 11

மூன்றாம் ஆண்டு பி பிரிவுக்கு முதன்முறையாக "நிரப்பு" வைத்து வகுப்பு எடுத்தேன். கடைசி வரிசையில் தூங்குவதற்கென்றே வருகிற ரூபஸ்ரீ, தான் கையால் அடுக்கியது ஐந்து பெட்டி, விதி அடுக்கியது ஆறு பெட்டி என்று கண்டுபிடித்ததும், "மிஸ், உங்க ரூல் தோத்துடுச்சு!" என்று கத்தினாள். லேப் முழுக்க ஒரே கூச்சல். ஒவ்வொருத்தரும் விதியைத் தோற்கடிக்க வேண்டும் என்று முட்டி மோதினார்கள். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் வராந்தாவில் சற்குணபாண்டியன். "என்னம்மா உள்ள, கபடியா?" என்றார்.

வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

ஜூலை 18

முதல்வர் முன்னிலையில் துறைக்கு விளக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். புதுப் புடவை. ப்ரொஜெக்டர் சரியாக வேலை செய்தது. பெரியதை முதலில் எடுக்கும் விதியைக் காட்டும்போது, திரையில் நான் எழுதி வைத்திருந்த வரி வந்தது: "பெரியதை முதலில் எடுப்பதே எப்போதும் சிறந்தது."

சற்குணபாண்டியன் எழுந்தார். கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கரும்பலகைக்குப் போனார். பெட்டி 10 கிலோ என்று எழுதினார். கீழே ஆறு எண்கள்: 4, 3, 3, 4, 3, 3.

"இப்படியே வரிசையா போடுங்கம்மா."

போட்டேன். நாலும் மூன்றும் மூன்றும் பத்து, ஒரு பெட்டி. மறுபடி அதேதான். இரண்டே பெட்டி, துளி சிவப்பு இல்லை.

"இப்ப உங்க சிறந்த விதியில போடுங்க."

போட்டேன். இரண்டு நாலும் முதல் பெட்டிக்குப் போயின. எட்டு. அதற்குமேல் எதுவும் நுழையாது. மூன்று மூன்றுகள் சேர்ந்து ஒன்பது, இரண்டாவது பெட்டியில். கடைசி மூன்று மட்டும் தனியாக ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தது. மூன்று பெட்டி. திரை முழுக்கச் சிவப்பு.

"எப்போதும்னு எழுதுறதுக்கு முந்தி ஒரு தடவை யோசிக்கணும். பசங்க நம்பிருவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதல்வரின் மருமகன் வெங்கட்ராமன் முதலில் சிரித்தான். அவன் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்க வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி.

ஜூலை 19

தலைவலி என்று விடுப்பு.

ஜூலை 20

"எப்போதும்" என்பதை எடுத்துவிட்டு "பெரும்பாலும்" என்று மாற்றினேன். இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அழகர் சொல்கிறார். "மனுஷன் ஓட்டிப் பாக்காம அந்த ஆறு நம்பரைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது திலகா. உக்காந்து நேரம் செலவழிச்சிருக்காரு." அழகருக்கு எதிலும் நல்லது தெரியும். ஆடிட்காரர்களைப் பற்றியும் நல்லதுதான் சொல்வார்.

ஆகஸ்ட் 2

தாளாளர் மாதவராஜ் திடீரென்று லேபுக்கு வந்தார். பெரிய தீப்பெட்டி ஆலைக் குடும்பம், ஆளும் கனம். பையன்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு பையனிடமிருந்து மவுஸை வாங்கித் தானே இரண்டு பொட்டலங்களை இழுத்துப் போட்டார். முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது.

பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "மேடம், பொட்டலத்துக்குப் பதிலா வகுப்பு நேரத்தைப் போட்டா? பெட்டிக்குப் பதிலா ஸ்டாஃபைப் போட்டா?" என்று கேட்டார்.

போடலாம் என்றேன். ஒரு ஆசிரியருக்கு வாரம் பதினெட்டு மணி நேரம் என்றால் அதுதான் பெட்டியின் அளவு. ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொட்டலம்.

"இந்த வருஷம் அட்மிஷன் விழுந்துருச்சு, ஒரு செக்ஷனே மூடியாச்சு. உங்க டிபார்ட்மென்ட்ல பதினாலு பேரு இருக்கீங்க. எத்தனை பேரு போதும்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லட்டும். மனுஷங்க சொன்னா சண்டை வருது."

யார் எந்தப் பாடம் எடுக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "மெக்கானிக்கல் படிச்சவங்க எல்லாம் எடுக்கலாம் மேடம்" என்றார். எழுந்து நின்று என்னை அனுப்பி வைத்தார். இந்தக் கல்லூரியில் எனக்காக யாரும் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 5

இன்று விடுமுறை, தோதாக இருந்தது. துணி ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பதினொரு பேர் போதும். எப்படிப் போட்டாலும் பதினொன்றுதான். இடம் இருக்கிற முதல் பெட்டியில் போடு என்ற விதி. அதனால் முன்னால் நிற்கும் பெட்டிகள் முதலில் நிறையும், கடைசியில் நிற்கும் மூன்று காலியாகக் கிடக்கும். பெயர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பது ஒன்றுதான் பாக்கி. தாளாளர், "டெக்னிக்கலா நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார்.

சேர்ந்த தேதிப்படி நிறுத்திப் பார்த்தேன், சும்மாதான். சற்குணபாண்டியன் முதலில். கடைசி மூன்றில் என் பெயர் வந்தது. பழையவர் என்பதற்காக ஒருவரை முன்னால் நிறுத்துவது அறிவுக்கு ஒத்துவராத முறை என்று எனக்கு எப்போதுமே தோன்றும்.

அகர வரிசையில் வெங்கட்ராமன் வெளியே விழுந்தான். முதல்வரிடம் அதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது.

பிறகு மாணவர்கள் தரும் மதிப்பெண்படி நிறுத்தினேன். போன பருவத்தின் இறுதியில் மாணவர்கள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போட்ட மதிப்பெண். இதுதான் நியாயமான அளவுகோல். வேறு எந்தக் காரணமும் மனதில் இல்லை. கடைசி மூவர்: வெல்டிங் பிரிவு தாவீது சார், வருகைப் பதிவில் யாருக்கும் சலுகை காட்டாத சற்குணபாண்டியன், மூன்றாவது பரிமளா.

பரிமளாவுக்கு அந்தப் பருவம் மதிப்பெண் கிடையாது, விடுப்பில் இருந்தாள். கட்டம் காலி. காலியாக இருந்தால் மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அது அதன் இயல்பு.

துணியை அலசிக் காயப்போடுவதற்குள் வெயில் போய்விட்டது.

ஆகஸ்ட் 6

கொடுத்துவிட்டேன். சற்குணபாண்டியன் பெயரைப் பார்த்ததும் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்ப்யூட்டரேதான் சொல்லுதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

பரிமளா விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8

சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 21

மூன்று பேருக்கும் ஓலை போய்விட்டது. சற்குணபாண்டியன் தன் அறையைக் காலி செய்து தர இரண்டு நாள் கேட்டிருக்கிறார். ஒரு நாள் கொடுத்தார்களாம். மாணவர்கள் சிலர் அவருடைய புத்தக மூட்டைகளை ஸ்கூட்டர்வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ரூபஸ்ரீயும் இருந்தாள். அவருக்கு ஐந்துக்கு இரண்டு போட்டது இவர்கள்தானே. மாணவர்களுக்குத் தங்கள் மனதே தெரியாது.

என்னைக் கடந்து போகும்போது நின்றார். "வாழ்த்துக்கள்மா. இந்தத் தடவை உங்க விதி தோக்கலை" என்றார்.

பரிமளா மூன்று தடவை ஃபோன் செய்தாள். கை ஈரமாக இருந்தது.

ஆகஸ்ட் 24

மதியம் ஸ்டாஃப் ரூமில் நான் உட்கார்ந்ததும் இரண்டு பேர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். மூன்றாவது ஆள் எழவில்லை. அவருக்குக் காது கேட்காது, கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்.

மேஜைமேல் யாரோ ஒரு அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்கள், காலியாக. மேலே ஸ்கெட்ச் பேனாவில் என் பெயர். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. பல் சுரீர் என்றது.

செப்டம்பர் 3

புதுக் கால அட்டவணை அமலுக்கு வந்தது. பதினொரு பேரும் விளிம்புவரை நிறைந்திருக்கிறோம். சிவப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வெப்ப இயக்கவியல் கொடுத்திருக்கிறார்கள். நான் கடைசியாக அந்தப் புத்தகத்தைத் தொட்டது மாணவியாக இருந்தபோது.

செப்டம்பர் 9

பரிமளா வந்தாள். சான்றிதழ்களை வாங்கிப் போக. இடுப்பில் குழந்தை, தோளில் பெரிய பை. நான் ஆபீஸ் வழியாகப் போகாமல் லைப்ரரிப் பக்கமாகச் சுற்றிப் போனேன். அவள் லைப்ரரிப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

"ஏன்டி ஃபோன எடுக்கல?"

வேலை என்றேன்.

"எனக்கு என்ன மார்க்குன்னு எங்க பாத்த?"

"உன் கட்டம் காலியா இருந்துச்சு பரிமளா."

"காலின்னா பூஜ்யமா? வயித்தத் தள்ளிக்கிட்டு வீட்ல கெடந்தேன். எந்தப் பையன் எனக்கு மார்க் போடுவான்?"

"நான் போடல. சாஃப்ட்வேர் அப்படி எடுத்துக்கும்."

"அது உன் சாஃப்ட்வேர்டி!"

அவள் கத்தியதில் குழந்தை அழ ஆரம்பித்தது. லைப்ரரியன் வெளியே எட்டிப்பார்த்தார். பரிமளா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ராத்திரி பகலா உக்காந்து அதை ஓட்டிப் பாத்துச் சொன்னவ நான். எது தப்பா வந்தாலும் உன்கிட்ட சொன்னேன். நீ ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லல" என்றாள்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் சொல்லாமல் போய்விட்டாள்.

செப்டம்பர் 17

வெங்கட்ராமனுக்கு டெங்கு. அவன் வகுப்புகளை எடுக்க ஆள் இல்லை, எந்தப் பெட்டியிலும் இடமில்லை. பசங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "என்ன மேடம் கணக்கு போட்டீங்க? ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா காலேஜே நிக்குது!" என்று கத்தினார். நீங்கள் கேட்டது குறைவான பெட்டி, காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

எனக்கே கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் பிடுங்க வேண்டும் என்கிறார். விடுப்பு கேட்டேன். "யாரு உங்க கிளாஸ எடுப்பா?" என்றார் முதல்வர். மாத்திரை போட்டுக்கொண்டு வெப்ப இயக்கவியல் எடுத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை என்பதால் கரும்பலகை நிறைய எழுதினேன். பையன்கள் பார்த்து எழுதினார்கள். மணி அடித்தது. அழித்தேன்.

செப்டம்பர் 30

மூன்று பேரும் பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். தாவீது சார் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். விசாரணைக் குழு வருகிறது.

அழகர் கேட்டார்: "உன்னைக் கேட்டா என்ன சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன். கம்ப்யூட்டர்தான் போட்டுச்சு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வழக்கமாக என் தட்டையும் சேர்த்துக் கழுவுவார்.

அக்டோபர் 11

முதல்வர் ஒத்திகை வைத்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இது முழுக்கக் கணினியின் முடிவு, மனிதத் தலையீடு எதுவும் இல்லை." அதற்குமேல் ஒரு சொல் பேசக்கூடாது. பிறகு, பாடம் படித்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல, "அடுத்த வருஷம் டிபார்ட்மென்டுக்கு ஹெட் யாருன்னு இன்னும் முடிவு பண்ணல மேடம்" என்றார்.

அக்டோபர் 14

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள்.

கூட்ட அறையில் குழுவினர் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை, பருத்திப் புடவை, பேனாவை மூடாமலே வைத்திருந்தார். ஒரு பக்கம் தாளாளர், முதல்வர், நான். எதிரே சற்குணபாண்டியனும் பரிமளாவும். பரிமளாவின் அம்மா வெளியே வராந்தாவில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். அது அழும் சத்தம் அவ்வப்போது கேட்டது, ஒவ்வொரு முறையும் பரிமளா கதவைப் பார்த்தாள்.

என் முறை வந்தது. என் வாக்கியத்தைச் சொன்னேன். தலைவி எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது?" இல்லை என்றேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சற்குணபாண்டியன் கையைத் தூக்கினார். "மேடம், இவங்களைக் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லைங்க. அந்த சாஃப்ட்வேர் உள்ள என்ன நடக்குதுன்னு இவங்களுக்கே தெரியாது. எங்கிருந்தோ இறக்கி மேல பெயின்ட் அடிச்சிருக்காக. அது ஏதோ பண்ணுது, இவங்க வேடிக்கை பாக்குறாக. பாவம், விட்ருங்க."

பாவம் என்றார். என்னைப் பார்த்து.

தலைவியும் பேனாவால் என் பெயருக்கு எதிரே ஏதோ அடிக்கப் போனார். நான் எழுந்துவிட்டேன். முதல்வர் என் புடவைத் தலைப்பைப் பிடிக்காத குறையாக, "மேடம், உக்காருங்க" என்றார். என் மடிக்கணினி கூடவே இருந்தது. ப்ரொஜெக்டர் வயரைச் செருகினேன்.

"இதில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது" என்றேன். "ஒவ்வொரு அடியும் ஏன் என்று எனக்குத் தெரியும். பாருங்கள்."

பொத்தானை அழுத்தி அழுத்திக் காட்டினேன். வகுப்புகள் ஒவ்வொன்றாக வந்து பெட்டிகளில் விழுந்தன. இடம் இருக்கும் முதல் பெட்டி, அது நிறைந்தால் அடுத்தது. தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல மாணவி மாதிரி கேள்வி கேட்டார். அப்படிக் கேட்பவர்களிடம் எனக்கு மறைக்கத் தெரியாது.

"அப்ப முன்னாடி நிக்கிறவங்களுக்குத்தான் வேலை. பின்னாடி நிக்கிறவங்களுக்கு இல்ல. சரியா?"

"சரி."

"பேரை வேற மாதிரி நிறுத்தினா?"

"பதினொன்று மாறாது. யார் அந்தப் பதினொன்று என்பது மாறும்." சேர்ந்த தேதி வரிசையைத் திறந்து ஓட்டிக் காட்டினேன். சற்குணபாண்டியன் பெட்டி முதலில் நிறைந்தது. கீழே மூன்று பெட்டிகள் காலியாகக் கிடந்தன.

"கடைசியில இருக்கிறது யாரு? திலகேஸ்வரி..."

"நான்."

தலைவி திரையில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதியைக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "இது ஆகஸ்ட் அஞ்சுன்னு இருக்கே. அப்ப இதை நீங்க அன்னைக்கே போட்டுப் பாத்துட்டீங்க."

"ஆமாம்."

"பாத்துட்டு வேற வரிசைக்கு மாத்தினீங்க. யாரு சொல்லி?"

தாளாளர் தொண்டையைக் கனைத்தார். முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லவில்லை. வரிசையைப் போட்டது நான்."

"இந்த அம்மாவுக்கு மார்க் இல்லாத இடத்துல பூஜ்யம் விழுந்திருக்கே, அதுவும் கம்ப்யூட்டரா?"

"இல்லை. அப்படி எடுத்துக்கொள் என்று நான் எழுதினேன். காலியாக இருந்தால் நின்று கேள் என்றும் எழுதியிருக்கலாம். இரண்டு வரிதான்."

பரிமளா என்னைப் பார்க்கவில்லை. வெளியே குழந்தை வீறிட்டது, அவள் எழுந்து போனாள்.

முடிந்து வெளியே வந்தபோது சற்குணபாண்டியன் தண்ணீர்க் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"எங்கிருந்தோ இறக்கினதா? இதை நீங்க உண்மையிலேயே நம்புறீங்களா சார்?"

கையை உதறினார். "இல்லம்மா. நீங்கதான் எழுதுனீக, முதல் நாள்லயே தெரியும். நல்லாவே எழுதியிருக்கீக."

"பிறகு ஏன்?"

"என் வேலை போச்சு, அந்தப் புள்ள பரிமளா வேலை போச்சுன்னு சொன்னா நீங்க வாயத் திறப்பீகளா? மாட்டீக. உங்க சாஃப்ட்வேரைக் குறை சொன்னா திறப்பீக."

கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். "நன்றி சொல்லுவேன்னு நினைக்காதீக. நீங்க பேசுனது எங்களுக்காக இல்ல."

அந்த ஆளை எனக்கு எந்த நாளும் பிடிக்கப் போவதில்லை.

அக்டோபர் 15

பல்லைப் பிடுங்கியாயிற்று. விடுப்பு கேட்கவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். அழகர் கூட வந்தார். திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நேற்று நடந்ததைச் சொன்னேன். "தெரியும். உன் முகத்துலயே தெரியுது" என்றார். முகத்தில் வீக்கம்தான் இருந்தது.

நவம்பர் 6

குழுவின் உத்தரவு வந்துவிட்டது. நீக்கியது செல்லாது. சற்குணபாண்டியனையும் பரிமளாவையும் திரும்ப எடுக்க வேண்டும். தாவீது சார் மஸ்கட்டிலிருந்து வர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். என் ராஜினாமாக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். சொந்தக் காரணங்களுக்காக என்று போட்டிருந்தது. "இயக்கவியல்" என்பதை எழுதத் தெரியாத மனிதருக்கு "சொந்தக் காரணங்கள்" பிழையில்லாமல் வருகிறது. சண்டை போடலாம் என்றார் அழகர், ஃபோனில். எந்தக் குழுவிடம் போய், எந்த வாயால் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 14

கடைசி நாள். ஓ.ஆர். பாடத்தை இனிப் பரிமளா எடுக்கிறாள், "நிரப்பு" கல்லூரிக்குச் சொந்தம். அதனால் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

லேபில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். புதிதாக மாற்றிய இடங்களைக் காட்டினேன், காரணம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு இடத்தில் அவளே மவுஸை வாங்கி நான் காட்டாத ஒன்றைத் திறந்து பார்த்தாள், சரியாக இருந்தது, மூடினாள். சேர்ந்த முதல் நாளிலிருந்து "டி" போட்டுப் பேசியவள். கேன்டீனில் என் தட்டில் கை வைத்தவள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, திரையைப் பார்த்தபடியே, "போதும் மேடம். இதுக்கு மேல நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றாள்.

எழுந்து பையை மாட்டிக்கொண்டேன். கதவருகே போய் நின்றேன். அவள் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து "அடுத்த அடி" பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு சந்தேகம் வரும், திரும்புவாள், கேட்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்கவில்லை. யாரையும் கேட்க வேண்டிய அவசியம் வராதபடிதான் எல்லாவற்றையும் அதிலேயே எழுதி வைத்திருந்தேன்.